பத்து விநாடி நீலம்

காலை பத்தே முக்காலுக்கு ஜெபசிங் அந்த வைஃபை குச்சியைக் கொண்டுவந்து மனைவியின் உள்ளங்கையில் வைத்தான். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. சுகிர்தா அதைப் புரட்டிப் பார்த்தாள். விரலால்தான் பார்த்தாள்.

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில இது ஒண்ணுதான் இருந்துச்சு" என்றான்.

"லினக்ஸ்ல ஓடுமான்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். அப்படின்னா என்னன்னு அவன் என்னைக் கேக்கான்."

அவள் சிரிக்கவில்லை. மதியம் இரண்டு மணிக்குப் பரீட்சை. ஜெபசிங் விசைத்தறி மெக்கானிக். கழுகுமலை ரோட்டு ஷெட்டில் நான்கு தறி நின்று கிடப்பதாக விடியற்காலையிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "நான் போயே ஆகணும். எதுன்னாலும் போன் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனான். பைக் சத்தம் தெருமுனையில் திரும்புவதைக் கேட்டபின் சுகிர்தா கதவைச் சாத்தி லேப்டாப்பைத் திறந்தாள்.

சுகிர்தாவுக்கு முப்பத்து நான்கு வயது. பிறந்தது ராயகிரி. ஆறாம் வகுப்பு படிக்கும்போது கரும்பலகையின் ஓரங்கள் மறையத் தொடங்கின. ஒன்பதாம் வகுப்புக்குள் முழுவதும் போய்விட்டது. விழித்திரை நோய், வைத்தியம் இல்லை என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். பாளையங்கோட்டை விடுதியில் தங்கிப் படித்தாள், கல்லூரியும் முடித்தாள். ஒரு நூற்பாலையில் ஆறு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். யார் கூப்பிட்டாலும் 'ஹலோ' என்ற ஒரு சொல்லிலேயே ஆள் யார், என்ன மனநிலையில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவாள். பிறகு ஆலையில் தானாகவே பதில் சொல்லும் இயந்திரத்தை வைத்தார்கள். அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதன்பின் கல்யாணம், சங்கரன்கோவிலில் இந்த வாடகை வீடு, பழைய லேப்டாப் ஒன்று. விண்டோஸ் அதில் மூச்சு வாங்கியது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸில் இலவசமாகவே இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஜெபசிங்கைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தானே அதைப் போட்டுக்கொண்டாள். குரல் பேசத் தொடங்காத முதல் சில திரைகளை மட்டும் அவன் படித்துச் சொன்னான். அதற்குப்பின் அந்த மெஷினில் அவன் கை பட்டதே இல்லை. மூன்று வருடமாக அவளே எல்லாம் பார்த்துக்கொண்டாள்.

வேலைக்குப் பதினொரு இடங்களில் எழுதிப் போட்டாள். பதில் வந்தது இந்த ஒரு இடத்திலிருந்துதான். வாடிக்கையாளர்கள் பேசிய போன் பதிவுகளைக் கேட்டு, ஊழியர் எங்கே தவறினார், எங்கே பொறுமை இழந்தார் என்று குறித்துக்கொடுக்கும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். பரீட்சை இரண்டு மணி நேரம், கேமரா வழியாக ஒருவர் கவனித்துக்கொண்டே இருப்பார். கைபேசி அணைக்கப்பட்டு வேறு அறையில் இருக்க வேண்டும். சரியாக இரண்டு மணிக்குள் உள்ளே வராதவருக்கு மறுவாய்ப்பு இல்லை. இதை அவள் நான்கு முறை கேட்டு மனப்பாடம் செய்திருந்தாள்.

லேப்டாப்பின் சொந்த வைஃபை முன்பே செத்துவிட்டது. நெட் கேபிள் செருகும் வாய் அந்த மாடலில் இல்லை. ஒரு யுஎஸ்பி குச்சியால்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் மாலை லேப்டாப்பைத் தூக்கி வரும்போது அந்தக் குச்சி நிலைக்கதவில் இடித்து இரண்டாக முறிந்துபோனது.

புதிய குச்சியைச் செருகினாள். பழையதாக இருந்தால் செருகியதுமே குரல் இணைப்பு கிடைத்ததாகச் சொல்லும். இப்போது ஒன்றும் சொல்லவில்லை. கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்து, செருகியிருக்கும் சாதனங்களைப் பட்டியலிடச் சொன்னாள். வேகமான ஆங்கிலக் குரல் படித்தது. குச்சியின் சிப் எண் பட்டியலில் இருந்தது. ஆனால் அதை ஓட்டும் டிரைவர் என்ற மென்பொருள் சிஸ்டத்தில் இல்லை.

நேரம் பதினொன்று ஐந்து.

கைபேசியைக் கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போனின் நெட்டை எடுத்துக்கொண்டாள். பரீட்சையை இப்படி எழுத முடியாது, ஆனால் டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். சிப் எண்ணைத் தேடியபோது யாரோ எழுதி இலவசமாக வைத்திருந்த டிரைவர் கிடைத்தது. அது மூலநிரலாகத்தான் இருந்தது. தன் மெஷினிலேயே அதைக் கட்டி எடுக்க வேண்டும். அதற்கு வேண்டிய கருவிகளும் லினக்ஸின் மையப் பகுதியான தன் கெர்னலுக்குப் பொருந்தும் ஹெட்டர் கோப்புகளும் தனியாக இறங்க வேண்டும்.

கைபேசியின் வைஃபையும் பழுது, சிம் கார்டின் நெட்தான். அந்தத் தெருவில் போன் சிக்னல் எப்போதும் மோசம். குரல் பன்னிரண்டு சதவீதம் என்றது. வெகுநேரம் கழித்துப் பதினான்கு என்றது. தெருவின் இரண்டு பக்கமும் தறிகள் ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் அவளுக்குப் பழகியது, தூக்கத்துக்கே தொந்தரவில்லாதது. அன்று மட்டும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழுந்தது.

பதினொன்று ஐம்பதுக்கு எல்லாம் இறங்கியது. கட்டும் கட்டளையைத் தட்டினாள். லேப்டாப்பின் விசிறி இரைந்தது. எட்டு நிமிடம் ஓடி நின்றபோது குரல் பிழை என்றது.

பிழை விவரம் எழுதியிருக்கும் பதிவுக் கோப்பைத் திறந்து வரிவரியாகக் கேட்டாள். பார்வையுள்ளவர் ஒரே பார்வையில் கடைசி வரிக்கு ஓடிவிடுவார். அவள் முந்நூறு வரிகளைக் காதால் கடக்க வேண்டும். குரலின் வேகத்தைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள், சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டும் அளவுக்கு. இருநூற்றுச் சொச்சமாவது வரியில் காரணம் கிடைத்தது. அந்த டிரைவர் பழைய கெர்னலுக்காக எழுதப்பட்டது. அவளுடையது புதிது.

எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். மறுபடி தேடினாள். அதே டிரைவரை இன்னொருவர் எடுத்துப் புதிய கெர்னலுக்குத் திருத்தி வைத்திருந்தார். அதை இறக்கிக் கட்டத் தொடங்கும்போது பன்னிரண்டு முப்பத்தைந்து. சோறு வைக்கவில்லை. அடுப்படிப் பக்கம் போகவே மனமில்லை. நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து விசிறியின் இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த முறை பிழை இல்லை. நிறுவியாகிவிட்டது என்றது குரல். நெஞ்சு லேசானது. டிரைவரை இயக்கும் கட்டளையைத் தட்டினாள்.

'சாவி நிராகரிக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

அதன் பொருள் அவளுக்கு உடனே புரிந்தது. அந்த லேப்டாப்பில் செக்யூர் பூட் என்ற பூட்டு இருந்தது. அறிமுகமில்லாத கையெழுத்துள்ள எதையும் அது உள்ளே விடாது. டிரைவருக்கான கையெழுத்துச் சாவி தயார். அதை ஏற்றுக்கொள்ளும்படி மெஷினுக்கு விண்ணப்பமும் கொடுத்துவிடலாம். ஆனால் அந்த விண்ணப்பத்தை உறுதிசெய்ய மெஷினை அணைத்துத் திறக்க வேண்டும். லினக்ஸ் எழும்புவதற்கு முன்பு ஒரு நீலத் திரை வரும். பத்து விநாடிக்குள் ஒரு விசையை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பம் ரத்தாகிவிடும். அழுத்தினால் வரிசையாக நான்கைந்து கேள்விகள் வரும்.

அந்தத் திரைக்குக் குரல் கிடையாது. பூட்டையே எடுத்துவிடலாம் என்றாலும் அதற்கான திரைக்கும் குரல் கிடையாது.

ஜெபசிங்கைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. இருபது தறி ஓடும் ஷெட்டில் சட்டைப் பையில் இருக்கும் போன் யாருக்குக் கேட்கும்? மறுபடி கூப்பிட்டாள், பிறகும் இரண்டு தரம். வீடியோ காலில் யாருக்காவது திரையைக் காட்டிப் படிக்கச் சொல்லலாம். ஆனால் கைபேசி போன மாதம் தண்ணீர் வாளிக்குள் விழுந்ததிலிருந்து அதன் கேமராவில் வெறும் வெள்ளைப் புகைதான் தெரிகிறது என்று ஜெபசிங் சொல்லியிருந்தான். நானா படம் எடுக்கப் போகிறேன் என்று அவள்தான் ரிப்பேருக்குக் கொடுக்காமல் விட்டாள்.

ஒரு மணி அடித்தது. ஒரு சுவருக்கு அப்பால் தங்கத்தாய் இருந்தாள்.

தங்கத்தாய்க்கு ஐம்பது வயதிருக்கும். வீட்டு முன்னறையில் தறிக்கு வேண்டிய நூலைச் சுற்றிக்கொடுக்கும் மிஷின் ஒன்று வைத்திருந்தாள். அது காலையிலிருந்து இரவுவரை ஓடும். இரண்டு மாதம் முன்பு தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது அவள் இன்னொருத்தியிடம், "கண்ணு தெரியாதவ நாள்பூரா கம்ப்யூட்டர் முன்னால இருக்கா. எதைப் பாக்காளோ" என்றாள். சுகிர்தா கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றாள். அன்றோடு தங்கத்தாயுடன் பேச்சை நிறுத்தினாள். தங்கத்தாயும் காரணம் கேட்கவில்லை. எதிரே வந்தால் வளையல் சத்தத்தை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டு சுகிர்தா ஒதுங்கி நடப்பாள்.

ஐந்து நிமிடம் வாசலிலேயே நின்றாள். பிறகு சுவரைத் தடவிக்கொண்டு போய் அந்தக் கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தான் அக்கா. சுகிர்தா."

உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "என்ன வேணும்?"

"ஒரு கால்மணி நேரம் உங்க கண்ணு வேணும்."

தங்கத்தாய் கதவருகே வந்தாள். சுகிர்தா விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். இரண்டு மணிப் பரீட்சை, பேசாத திரை, பத்து விநாடி.

"எனக்கு இங்கிலீஷ் எழுத்தெல்லாம் தெரியாதே ஏட்டி."

"எழுத்து எப்படி இருக்குன்னு மட்டும் சொன்னாப் போதும். பதினாலு வயசு வரைக்கும் நான் எழுத்தைப் பாத்திருக்கேன். ஞாபகம் இருக்கு."

தங்கத்தாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நாற்காலியை லேப்டாப்புக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொடுத்து, சுகிர்தா நின்றபடியே விண்ணப்பத்தைக் கொடுத்தாள். கடவுச்சொல் ஒன்று கேட்டது, இரண்டு முறை தட்டினாள். நீலத் திரையிலும் இதையேதான் தட்ட வேண்டும். பிறகு மெஷினை மறுதொடக்கம் செய்தாள்.

"நீலமா வந்த உடனே சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம். நீலம்னு ஒரு சொல்லு."

"சரி."

விசிறி நின்றது. ஒரு சின்ன டிக் சத்தம். சுகிர்தா கீழ் அம்பு விசையின்மீது விரலை வைத்துக் காத்திருந்தாள். பக்கத்து வீட்டில் மிஷினின் ஓசை திடீரென்று மாறியது, நூல் அறுந்து வெற்றாகச் சுற்றும் ஓசை. நாற்காலி நகர்ந்தது. "இரு, ஒரு நிமிஷம்" என்ற குரல் வாசலில் கேட்டது.

"அக்கா, போகாதீங்க."

சுகிர்தா குருட்டாம்போக்கில் விசையை அழுத்தினாள், இரண்டு தடவை, மூன்று தடவை. திரையில் அப்போது என்ன இருந்தது, அழுத்தியது பதிந்ததா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் லேப்டாப் தன் வழக்கமான குரலில் உள்நுழையச் சொன்னது. நீலத் திரை வந்து போய்விட்டது.

தங்கத்தாய் மூச்சு வாங்க வந்தாள். "என்ன, வந்துருச்சா?"

"வந்துட்டுப் போயிருச்சு."

"நூலு அறுந்துருச்சு. விட்டா சிக்காயிரும். அதான் ஓடினேன்."

சுகிர்தா கைபேசியில் நேரத்தைக் கேட்டாள். ஒன்று பதினெட்டு. உள்ளே நுழைந்து, டெர்மினலைத் திறந்து, விண்ணப்பத்தை மறுபடி கொடுக்கத் தொடங்கினாள். விரல்கள் வியர்த்து விசையில் வழுக்கின. கடவுச்சொல்லை இரண்டாம் முறை தப்பாகத் தட்டினாள். பொருந்தவில்லை என்றது குரல். முதலிலிருந்து தட்டினாள்.

தங்கத்தாய் எழுந்து போகும் சத்தம் கேட்டது. போய்விட்டாள் என்றே சுகிர்தா நினைத்தாள். சுவருக்கு அப்பால் நூல் மிஷின் மெல்ல இறங்கி நின்றது. மூன்று வருடத்தில் பகல் வேளையில் அந்தச் சுவர் அப்படி அமைதியானதை அவள் கேட்டதில்லை. வளையல் சத்தம் திரும்பி வந்தது.

"ஆஃப் பண்ணிட்டு வந்துட்டேன்" என்றாள் தங்கத்தாய். உட்கார்ந்தாள். ஒரு நொடி கழித்து, "சுகிர்தா, அன்னைக்குக் குழாயடியில நான்..." என்றாள்.

"இப்ப வேண்டாம்க்கா. இப்ப திரையைப் பாருங்க."

மறுதொடக்கம். விசிறி நின்றது. டிக்.

"கறுப்பு" என்றாள் தங்கத்தாய். "கறுப்பு. இன்னும் கறுப்புதான். என்னமோ ஒரு படம் வந்துச்சு, போயிருச்சு. நீலம்."

சுகிர்தா அழுத்தினாள்.

"மாறிடுச்சு. நீலம்தான், ஆனா நடுவுல பெட்டி மாதிரி இருக்கு. உள்ள வரியா எழுதியிருக்கு."

"எத்தனை வரி?"

"நாலு. முத வரி மட்டும் பளிச்சுன்னு இருக்கு."

"ரெண்டாவது வரியில முத எழுத்து எப்படி இருக்கு?"

"ஒரு குச்சி நிக்கி. அதுல இருந்து வலது பக்கம் மூணு கோடு. சீப்பு மாதிரி."

ஈ. சுகிர்தாவுக்கு அந்த எழுத்து தெரிந்தது, சேர்க்க என்பதன் ஆங்கிலச் சொல் அதில்தான் தொடங்கும். "மூணாவது வரியில?"

"அதே சீப்பு. நாலாவதுலயும் சீப்புதான்."

சுகிர்தாவின் விரல் அந்தரத்தில் நின்றது. சாவியைச் சேர்ப்பது, கோப்பிலிருந்து சேர்ப்பது என்று எல்லாமே ஒரே சொல்லில் தொடங்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. தப்பான வரிக்குள் போனால் திரும்பி வரும் வழி அவளுக்குத் தெரியாது. கோப்பு என்ற சொல் சேராத வரிதான் வேண்டும், அது குட்டையாக இருக்கும். "மூணுல எது குட்டையான வரி?"

"ரெண்டாவது. நிச்சயமா ரெண்டாவதுதான். மத்தது ரெண்டும் நீளம்."

கீழ் அம்பு ஒரு முறை. "பளிச்சு இப்ப எங்க இருக்கு?"

"ரெண்டாவதுல."

எண்டர்.

"வேற வந்துருக்கு. ரெண்டே வரி. மேல உள்ளது பளிச்சுன்னு இருக்கு. கீழ உள்ளது, முத எழுத்து பிறை நிலா மாதிரி, இடது பக்கம் வயிறு."

சி. தொடர்க. கீழே ஒன்று, எண்டர்.

"மறுபடியும் ரெண்டு வரி. சின்னச் சொல்லு. கீழ உள்ளது உண்டிவில்லுக் கவட்டை மாதிரி. நட்டு வச்ச கவட்டை."

ஒய். ஆம் என்பதன் முதல் எழுத்து. கீழே ஒன்று, எண்டர். அடுத்து கடவுச்சொல் பெட்டி வர வேண்டும்.

"ஒரே ஒரு வரி. பக்கத்துல ஒண்ணுமில்ல."

சுகிர்தா ஒவ்வொரு எழுத்தாக, விசையின் இடத்தைத் தொட்டு உறுதிசெய்து தட்டினாள். எண்டர். எங்கோ ஒரு தறி அடித்துக்கொண்டிருந்தது.

"பழைய பெட்டி மாதிரி வந்துருக்கு. ஆனா முத வரி வேற. குச்சி, மேல ஒரு வளையம், கீழ ஒரு கால் நீட்டியிருக்கு."

ஆர். மறுதொடக்கம். எண்டர்.

லேப்டாப் அணைந்து எழுந்தது. குரல் வந்தது. உள்நுழைந்தாள். குச்சியில் பச்சை விளக்கு மினுங்குகிறது என்றாள் தங்கத்தாய். ஆனால் வைஃபை பட்டியலில் ஒன்றுமில்லை. சுகிர்தா பட்டியலை மூடித் திறந்தாள், இல்லை. மனதுக்குள் இருபதுவரை எண்ணி மறுபடி திறந்தாள். ஏழு இணைப்புகள் வரிசையாகப் படிக்கப்பட்டன, மூன்றாவது அவளுடையது. பாஸ்வேர்டைத் தட்டியதும் 'இணைக்கப்பட்டது' என்றது குரல்.

ஒன்று நாற்பத்து மூன்று.

"முடிஞ்சுதா?" என்றாள் தங்கத்தாய்.

"முடிஞ்சுது." சுகிர்தா போனை அணைத்து அவள் கையில் கொடுத்தாள். "இதை உங்க வீட்டுல வச்சிருங்க. நாலு மணிக்கு வாங்கிக்கிடுதேன். இப்ப இந்த ரூம்ல ஆள் இருக்கக் கூடாது."

தங்கத்தாய் வாசல்வரை போய் நின்றாள். "கதவை வெளிய இழுத்துச் சாத்திட்டுப் போறேன். மிஷினைப் போடல, சத்தம் உனக்கு இடைஞ்சல்" என்றாள்.

இரண்டு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது சுகிர்தா பரீட்சைக்குள் நுழைந்தாள். கேமராவுக்கு அப்பால் ஒரு பெண் ஆங்கிலத்தில் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். மூன்றாம் பகுதியில் இணைப்பு ஒருமுறை அறுந்தது. பதினைந்து விநாடியில் தானே வந்தது. கடைசிப் பதிவில் ஒரு வாடிக்கையாளர் பில்லைப் பற்றிச் சண்டை போட்டார். ஊழியர் கடைசிவரை மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் நாலாவது நிமிடத்திலிருந்து அவர் கேட்பதையே நிறுத்திவிட்டார் என்று சுகிர்தாவுக்குக் குரலிலிருந்தே தெரிந்தது. அதைக் குறித்தாள்.

முடித்து எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது. பசி இப்போதுதான் தெரிந்தது. ஜெபசிங் ஐந்தரைக்கு, நான்கு அழைப்புகளைப் பார்த்துப் பதறிக்கொண்டு வந்தான். அவள் பழைய சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு அவன், "அந்த அம்மாவா வந்தாங்க?" என்று இரண்டு தரம் கேட்டான்.

ஒன்பதாம் நாள் மின்னஞ்சல் வந்தது. முழுநேர வேலை இல்லை. மூன்று மாதம் சோதனைக்கு, நாளைக்கு நான்கு மணி நேரம், அதன்பின் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அவளுக்கு ஏமாற்றம்தான். ஒரு நாள் முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் சரி என்று பதில் எழுதினாள்.

இப்போது நான்காவது மாதம் நடக்கிறது. வேலை நாளைக்கு ஆறு மணி நேரமாகக் கூடியிருக்கிறது. கண் தெரியாதவர்கள் லினக்ஸ் பற்றிக் கேள்வி கேட்டுக்கொள்ளும் இணையக் குழு ஒன்றில் அவள் அந்த நீலத் திரையின் வரிசையை எழுதிப் போட்டாள். எந்தத் திரையில் எத்தனை முறை கீழ் அம்பு, எங்கே எண்டர் என்று. சில மெஷின்களில் வரிசை மாறலாம், முடிந்தால் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்திருந்தாள். போன வாரம் தஞ்சாவூரிலிருந்து ஒருவர் தனியாகவே செய்து முடித்துவிட்டதாகப் பதில் போட்டிருந்தார். சுகிர்தா அதை இரண்டு முறை கேட்டுவிட்டு அடுத்த போன் பதிவைத் திறந்தாள்.